ஏட்டின் ஓரம்

முசிறி பஸ்ஸில் வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜங்ஷனுக்கு டவுன் பஸ் பிடித்தால் பாலக்கரை தாண்டி மேலப்புதூர் வரும். மரியன்னை பேராலயம் அங்கேதான். திருச்சி ஆயர் இல்லமும் அங்கேதான். 1986 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் இருந்த மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா கல்யாணத்துக்கான காகிதங்கள் அதில் இருந்தன. பேராலயம் வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

“இங்கேயே குடுத்துட்டுப் போயிடலாமேப்பா?”

“இது ஒங்க அம்மா பொறந்த வீட்டு மேற்றிராசனம்டா. நம்ம ஆண்டவர் கும்பகோணத்துல இருக்காரு.”

ஆண்டவர் என்றால் எங்கள் பேச்சில் ஆயர்; அவர் ஆளும் பகுதி மேற்றிராசனம். ஜங்ஷனில் சோழன் பஸ் ஏறினோம். அதற்கு மேல் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

முசிறிக்காரனுக்குக் கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி எல்லாம் திருச்சி. கோயில் காகிதம் மட்டும் கும்பகோணம். எங்கள் பக்கத்தில் காவிரிதான் எல்லை. தென்கரையில் மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் வேலை செய்தார்கள். வடகரை புதுச்சேரி மிஷனைச் சேர்ந்தது; பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் ஃபிரெஞ்சுக்காரச் சாமியார்கள் வந்தார்கள். 1886இல் திருச்சி மேற்றிராசனம் ஆனது. 1899 செப்டம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியிலிருந்து கும்பகோணம் பிரிந்து, பொத்தேரோ ஆண்டவர் அதன் முதல் ஆயரானார். நாங்கள் கும்பகோணத்தோடு போனோம். பிறகு சர்க்கார் மாவட்டங்களை எத்தனையோ முறை வெட்டியது. 1995இல் பெரம்பலூரும் கரூரும் தனியாகப் போயின. சாமியார்கள் ஆற்றை வைத்துப் போட்ட கோடு எங்களுக்கு அப்படியே நின்றது.

அப்பா உபதேசியார். முசிறியைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார், புதுநன்மைக்குத் தயார் செய்வார், சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமை செபம் நடத்துவார். அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த வேலை. வீட்டுக்குள் அவர் செய்த வேலை எழுத்து வேலை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கத்தோலிக்கக் கோயிலில் நடந்த கல்யாணங்களின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பதிவுத்துறைக்கு அனுப்ப வேண்டும். 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கின் ஏடுகளை ஆண்டுக் கடைசியில் நகல் எடுத்து மேற்றிராசனத்துக்கு அனுப்பச் சொன்னது. சாமியார் கையெழுத்துப் போடுவார். நகல் எழுதுவது அப்பா. டிசம்பர் மாத இரவுகளில் நான் பேர் பேராக வாசிக்க, அவர் எழுதுவார். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளையின் பேர், பிறந்த தேதி, தாய் தகப்பன், தலைதொட்ட தாய் தகப்பன், கொடுத்த சாமியார். ஒரு வரி தப்பினால் அந்தத் தாளையே கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுப்பார். அடித்துத் திருத்தினால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். “நீ அடிச்சது அந்தப் புள்ள பேருடா” என்றார்.

ஏட்டின் வலது பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருக்கும். எனக்கு அதுதான் பிடித்த இடம். ஞானஸ்நானம் வாங்கும்போது அது வெறும் வெள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் ஆண்டவர் வந்து உறுதிபூசுதல் கொடுத்தால் ஓரத்தில் ஒரு வரி ஏறும். எங்கோ தூரத்து ஊரில் கல்யாணம் நடந்தால், அந்த ஊர்ச் சாமியார் இந்த ஊருக்கு எழுதிப்போட வேண்டும். இங்கே ஓரத்தில் யாரை, எங்கே, எந்தத் தேதி என்று எழுதுவார்கள். குருவானால், கன்னியர் மடத்தில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தால், அதுவும் அங்கேதான். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் கல்யாணத்தை எழுதி வைக்கச் சொன்னதே, மனைவியை விட்டுவிட்டு வேறு ஊரில் போய் இன்னொருத்தியைக் கட்டுகிறவர்களைத் தடுக்கத்தான். நீ எந்த ஊரில் குடியிருந்தாலும் உன் ஏடு ஒன்றுதான். உன் தலையில் தண்ணீர் ஊற்றிய ஊரில் அது இருக்கிறது. ஆண்டவர் விசாரணைக்கு வரும்போது உறுதிபூசுதலுக்கான எண்ணெய்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஏடுகளைக் கேட்பார். புரட்டிப் பார்த்து, கடைசி வரிக்குக் கீழே ‘பார்க்கப்பட்டது’ என்று லத்தீனில் எழுதிக் கையெழுத்திடுவார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை, அம்மாவின் அண்ணன் மகன். சின்ன வயதிலிருந்தே பேசி வைத்தது. எங்கள் சொந்தத்தில் அவர் முறைமாப்பிள்ளை. சித்தப்பா மகன் என்றால் அண்ணன். ஒருவருக்குக் கழுத்தை நீட்டலாம், மற்றவரை நினைக்கவே கூடாது. திருச்சபைச் சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு இருவரும் ஒரே தூரத்து இரத்த உறவு. ஆயர் விதிவிலக்குக் கொடுத்தால்தான் கல்யாணம் செல்லும். தாய்மாமனைக் கட்டுவதென்றால் இன்னும் ஒரு படி நெருக்கம், அதற்கும் ஆயரின் விலக்கு வேண்டும். தமிழ்நாட்டு ஆயர் இல்லங்களுக்குள் நுழைந்த காகிதங்களில் இந்த அத்தை மகன், மாமன் மகள் காகிதம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பிற்பாடு ஆயர் இல்லத்து வேலைக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

விண்ணப்பத்தோடு வம்சாவளி வரைந்து வைக்க வேண்டும். அப்பா என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உச்சியில் தாத்தா பாட்டி பேரை எழுதி, அதிலிருந்து இரண்டு கோடு இறக்கினார். இடப்பக்கம் அம்மா, அவளுக்குக் கீழே அக்கா. வலப்பக்கம் மாமா, அவருக்குக் கீழே மாப்பிள்ளை. அடியில் ‘இரண்டாம் படி உறவு’ என்று எழுதினார். அடுத்த கட்டம் ‘காரணம்’. காரணம் இல்லாமல் விலக்குக் கொடுக்க ஆயருக்கே அதிகாரமில்லை. ஊர் சிறியது, வேறு கத்தோலிக்க வரன் அமைவது கடினம் என்று எழுதுவது வழக்கம். எங்கள் பக்கத்துக்கு அது பொய்யும் அல்ல. ஆனாலும் அப்பா அந்தக் கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்ததுதான் காரணம் என்று அவருக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வாரம் பங்குச் சாமியார் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மாப்பிள்ளையை அவருடைய பங்கில் அவருடைய சாமியார். அப்பாவும் அம்மாவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். உபதேசியார் என்றாலும் அந்த அறையில் அவருக்கு இடமில்லை. உனக்கு முழுச் சம்மதமா, யாராவது வற்புறுத்துகிறார்களா, வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். பைபிள்மேல் கை வைத்துப் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா வெளியே வரக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முகம் கழுவினதுபோல் இருந்தது. இரவு என்னிடம் மட்டும் சொன்னாள்: “எனக்குப் புடிச்சிருக்கான்னு மொத மொத இன்னிக்குத்தான்டா ஒருத்தர் கேட்டாரு.” பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்டது ஒரு அச்சடித்த படிவம். அந்தப் படிவம் இல்லையென்றால் சாமியாரும் கேட்டிருப்பாரா என்று தெரியாது. காகிதத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வந்துவிடும்.

கும்பகோணத்தில் அலங்கார அன்னை பேராலயத்தைக் கும்பிட்டுவிட்டு ஆயர் இல்லத்துக்குள் போனபோது மணி பதினொன்று. வாசல் வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அடுத்த மாதம் 5ஆம் தேதி பாப்பரசர் சென்னைக்கு வருகிறார். பஸ், பெயர்ப்பட்டியல், யார் யாரோடு போவது என்று எல்லாச் சாமியார்களும் அதே பேச்சாக இருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த படத்துக்குக் கீழே ‘இரண்டாம் அருளப்பர் சின்னப்பர்’ என்று போட்டிருந்தது. இப்போதைய பிள்ளைகள் யோவான் பவுல் என்பார்கள்.

சான்சலர் சாமியாரின் அறைக்குள் போனோம். சான்சலர் என்றால் வேந்தர் என்று இப்போது எழுதுகிறார்கள். மேசை பெரிது, அதிகாரம் பெரிது என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் அவருக்குக் கொடுத்த முதல் வேலை ஆயர் இல்லத்துக் காகிதங்களைச் சேர்த்து, அடுக்கி, பத்திரப்படுத்துவது. எழுதுகிறவர், காக்கிறவர். சுவரோரம் நெடுக அலமாரிகள், முதுகில் ஊர்ப்பெயர் ஒட்டிய நகல் கட்டுகள். அதில் ஒன்று அப்பாவின் எழுத்து என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

“தோத்திரம் சாமி.”

“தோத்திரம் உபதேசியாரே, ஒக்காருங்க. தம்பி, நீயும் ஒக்காரு.”

ஒவ்வொரு தாளாக எடுத்தார். மூன்று கல்யாண அறிவிப்பு ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று, தடை எதுவும் வரவில்லை என்ற கடிதம். மாப்பிள்ளை பங்கிலிருந்து அதே மாதிரிக் கடிதம். இருவருடைய ஞானஸ்நானச் சான்றும் ஆறு மாதத்துக்குள் எடுத்தவைதானா என்று தேதியைப் பார்த்தார். ‘இரண்டாம் படி’யில் பேனா நின்றது. “புதுச் சட்டம் வந்துடுச்சே உபதேசியாரே” என்று சொல்லி, தாளைத் திருப்பி வைத்து விரலால் தொட்டு எண்ணிக் காட்டினார். பழைய முறையில் மூதாதையிலிருந்து ஒரு கோட்டில் எத்தனை தலைமுறை என்று மட்டும் எண்ணுவார்கள். அம்மா, அக்கா, இரண்டு. 1983 நவம்பரில் நடப்புக்கு வந்த சட்டத்தில் இரண்டு கோட்டிலும் இருக்கிற எல்லாரையும் எண்ண வேண்டும். அம்மா, அக்கா, மாமா, மாப்பிள்ளை. நான்கு. உறவு அதேதான், எண்ணிக்கைதான் மாறியது. அப்பா நாற்பது வருஷமாகத் தெரிந்து வைத்திருந்த கணக்கை மாற்றிக்கொள்ளச் சங்கடப்படுவார் என்று நினைத்தேன். அவர் தானும் ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலு சாமி, சரிதான்” என்றார்.

பிறகு அம்மாவின் சான்றையும் மாமாவின் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இருவரும் மணப்பாறைப் பக்கத்தில் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அம்மாவின் வரியில் தகப்பன் பேர் சின்னப்பன். மாமாவின் வரியில் பவுலுஸ்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காகிதத்தின்படி இவர்கள் அண்ணன் தங்கை இல்லை. அந்தக் காலத்தில் சில சாமியார்கள் ஊரார் கூப்பிடுகிற பேரையே ரோமன் எழுத்தில் எழுதினார்கள். சிலர் லத்தீனுக்கு மாற்றி எழுதினார்கள். ராயப்பன் பேத்ருஸ் ஆவார், அருளப்பன் யோவான்னேஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். சின்னப்பன் பவுலுஸ். இரண்டும் ஒரே பேர்தான் என்று உபதேசியாருக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும். நாளைக்குச் சொத்து விவகாரமோ வேறு வழக்கோ வந்தால் தாசில்தாருக்கும் வக்கீலுக்கும் தெரியாது.

சாமியார் வாசல் வழியே வராந்தாச் சுவரில் இருந்த பாப்பரசர் படத்தைப் பார்த்தார். “பாப்பரசர் பேரே அதானே, தம்பி” என்றார் என்னிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, “தாத்தா ஒருத்தர்தானா? ரெண்டாங் கல்யாணம் ஏதும் இல்லையே?” என்று மெதுவாகக் கேட்டார். அப்பா விவரம் சொன்னார்: தாத்தா எந்த வருஷம் இறந்தார், எங்கே அடக்கம், பாட்டி பேர் இரண்டு சான்றிலும் ஒன்றாக இருக்கிறதே என்று. சாமியார் எல்லாவற்றையும் ஒரு தனித் தாளில் எழுதிக்கொண்டார். “சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வாங்க. ஆண்டவரைப் பாத்துட்டு வச்சிருக்கேன்.”

பேராலயத்துக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பிப்ரவரி 12 விபூதிப் புதன். அதற்குள் நடக்காவிட்டால் தவக்காலம் முடிந்து பாஸ்காவுக்கு அப்புறம்தான். மூன்று மணிக்குப் போனபோது காகிதம் தயாராக இருந்தது. பதிவு எண், முத்திரை, கையெழுத்து. அப்பா அதைச் செபப்புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிப்ரவரி 10 திங்கட்கிழமை அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவாரமே அப்பா இரண்டு கார்டு எழுதி, சாமியாரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டார்: ஞானஸ்நானம் வாங்கிய ஊர்களின் ஏட்டோரத்துக்கு.

அந்தப் பயணத்தால்தான் நான் அந்த வேலைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். தட்டச்சில் ஹயர் முடித்துவிட்டு, 1989 முதல் ஏழு வருஷம் ஒரு ஆயர் இல்லத்தில் தட்டச்சராக இருந்தேன். சுற்றுமடல்களை ஸ்டென்சிலில் அடித்து உருட்டி எடுப்பது, பங்குகளிலிருந்து வரும் கணக்குகளைப் பொருளாளர் சாமியார் மேசைக்குக் கொண்டுபோவது, பள்ளிக்கூட நியமனக் கோப்புகள், கோயில் கட்ட அனுமதி கேட்டு வரும் வரைபடங்கள். மே மாதம் வந்தால் குருக்கள் பணிமாற்றம். யாருக்கு எந்தப் பங்கு என்று முதன்மைக் குருவின் அறையில் வாரக்கணக்கில் பேசுவார்கள். கடைசியில் அந்தக் கடிதங்களை அடிப்பவன் நான். வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. முப்பது வருஷம் ஒரு ஊரில் இருந்ததுபோல் அந்தச் சனத்தோடு ஒட்டிப்போன சாமியாருக்கு நாலு வரிக் கடிதம். அடிக்கும்போது விரல் தயங்கியிருக்கிறது.

அங்கே இரண்டு பெட்டகம். ஒன்று பொது ஆவணக்காப்பகம். அதன் சாவி ஆயரிடமும் சான்சலரிடமும். இன்னொன்று இரகசியப் பெட்டகம். சாவி ஆயரிடம் மட்டும். ஏழு வருஷத்தில் அது திறந்து நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

என் மனதை அறுத்தது திருமண நீதிமன்றத்துக் கோப்புகள்தான். பெயரும் இடமும் வேண்டாம். ஒரு பெண், கல்யாணமான மூன்றாம் மாதமே ஏமாற்றப்பட்டது தெரிந்து வீடு திரும்பியவள், தன் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புக் கேட்டு வந்தாள். சாட்சி வராத நாள், விசாரணைச் சாமியார் மாறிப்போன நாள் என்று தள்ளித் தள்ளிப் போயிற்று. தீர்ப்பு கிடைத்த பிறகும் இரண்டாவது நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. அதற்கும் மேல் சர்க்கார் கோர்ட்டில் தனியாக வழக்கு. அவள் வரும்போதெல்லாம் கூட்டிவரும் குழந்தை, அவள் அக்கா குழந்தை, முதலில் இடுப்பில் இருந்தது. கடைசியில் ஸ்கூல் யூனிஃபார்மில் வந்தது. அவ்வளவு நாள் எடுத்தது தவறு. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான். போப் பிரான்சிஸ் 2015இல் அந்த இரண்டாவது தீர்ப்பு கட்டாயமில்லை என்று சட்டத்தை மாற்றினார். டிசம்பர் 8ஆம் தேதி நடப்புக்கு வந்தது. செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்கு அந்த யூனிஃபார்ம்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, 2019இல் அம்மாவும் போனாள். முசிறியில் அடக்கம் செய்தோம். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், ஒரு காரணமும் இல்லாமல், அம்மா ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்குப் போனேன். பங்குத்தந்தை சின்னப் பையன், என் மகன் வயது இருக்கும். ஆயர் இல்லத்தில் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் ஏட்டை எடுத்துக்கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவின் வரி இருந்தது. தகப்பன், சின்னப்பன். ஓரத்தில் முசிறி என்று ரோமன் எழுத்தில், கல்யாணத் தேதி, அப்பா பேர். மை பழுப்பாகியிருந்தது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த கார்டையும் அப்பாவேதான் எழுதியிருப்பார், தன் கல்யாணத்துக்குத் தானே. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சாவை அங்கே எழுத மாட்டார்கள்; அது அடக்கம் செய்த ஊர் ஏட்டில்.

நாலு வருஷம் பின்னால் புரட்டி மாமாவின் வரியைத் தேடினேன். தகப்பன், பவுலுஸ். அதன் ஓரத்தில் நீல பால்பாயின்ட் பேனாவில் இரண்டு வரி இருந்தது. ‘பவுலுஸ் என்பதும் சின்னப்பன் என்பதும் ஒருவரே.’ கீழே திருச்சி ஆயர் இல்லத்தின் கடித எண். அடைப்புக்குள் கும்பகோணம் ஆயர் இல்லத்தின் கடித எண். 1986 மார்ச்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து. எங்களுக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. எங்கள் வேலை முடிந்துவிட்டது. அந்தச் சாமியார் அந்தத் தனித்தாளை எடுத்து வைத்திருந்து, மேலப்புதூருக்கு எழுதி, அங்கிருந்து இந்த ஊருக்கு எழுத வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

இரண்டு எண்ணையும் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டேன். பங்குத்தந்தை கேட்டார்: “இன்னும் ஏதாவது பாக்கணுங்களா ஐயா?” இல்லை என்றேன். ஏட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.